குத்துமதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் இருபத்தைந்து வருடம் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதியவன் நான். இலை தராசில் ஏறுவதற்கு முன்பே "இன்றைக்கு எத்தனை கிலோ தேறும், வண்டி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா" என்று சொல்லியாக வேண்டிய வேலை. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் பிளஸ் டூ பிள்ளைகள், சிறு விவசாயிகள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்கு வந்து உட்காருகிறார்கள். பேச்சு எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் "எண்ணிப் பார்க்காமல் எப்படிச் சொல்றீங்க?" என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

குத்துமதிப்புன்னா வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றதுதானே?

இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னவரிடம் "எப்படி?" என்று கேட்டால் பதில் இருக்காது. குத்துமதிப்பு சொன்னவரிடம் கேட்டால் வழியைக் காட்டுவார். வழி தெரிந்தால் எங்கே தப்பு என்று நீங்கள் சண்டை போடலாம்.

ஒரு ஏக்கரில் எத்தனை தேயிலைச் செடி? எண்ண ஆரம்பித்தால் ஒரு நாள் போய்விடும். வரிசைக்கு வரிசை நாலு அடி, செடிக்குச் செடி இரண்டரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடிக்கு 10 சதுர அடி. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆக 4,300 செடி சொச்சம். பாறை, பாதை, செத்த செடி எல்லாம் கழித்தால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. விதைச்செடி நட்ட பழைய தோட்டமாக இருந்தால் இன்னும் குறையும். முப்பதாயிரமும் இல்லை, நானூறும் இல்லை என்பது மட்டும் உறுதி. செடி எதையும் தொடாமல் இவ்வளவு தெரிந்துகொண்டோம்.

'எந்தப் படியில் இருக்கு'ன்னு அடிக்கடி சொல்றீங்களே, அது எத்தனை சைபர்னு பாக்கறதுதானா?

கிட்டத்தட்ட அதுதான். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம்: ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் பத்து மடங்கு. நம் எண் எந்தப் படிக்குப் பக்கம் என்று பார்க்கிறோம். இங்கே ஒரு சின்ன விஷயம். நாலாயிரம் எதற்குப் பக்கம்? கழித்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு. மடங்கில் பார்த்தால் ஆயிரத்தைப்போல் நாலு மடங்கு, பத்தாயிரமோ நாலாயிரத்தைப்போல் இரண்டரை மடங்குதான். ஆகவே பத்தாயிரத்துக்குப் பக்கம். எல்லைக்கோடு மூன்றுக்குச் சற்று மேலே விழுகிறது: 3,000 என்றால் ஆயிரத்தின் படி, 3,500 என்றால் பத்தாயிரத்தின் படி.

நம் ஊரில் சைபர் தப்புவது கணக்கில் இல்லை, மொழிபெயர்ப்பில்தான். பேப்பரில் மில்லியன் என்று வரும். நாம் அதை லட்சம் என்று வாசித்துவிடுவோம். மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. இந்த இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஒண்ணுமே தெரியாத விஷயம்னா எங்கே ஆரம்பிக்கறது?

ஒன்றுமே தெரியாத விஷயம் மிகக் குறைவு. "நீலகிரியில் எத்தனை டீக்கடை இருக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான், எனக்குத் தெரியாது என்று சொல்லட்டும் என்றுதான். மாவட்டத்தின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பில் 7,35,394. ஏழு லட்சம் என்று வைப்போம். மூன்றில் ஒருவர் தினம் கடையில் ஒரு டீ குடிக்கிறார் என்றால் 2.3 லட்சம் டீ. ஒரு கடை நாளைக்கு எத்தனை டீ போடும்?

அதைக் கடைக்காரரிடம் நேராகக் கேட்காதீர்கள். வியாபாரத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "எத்தனை லிட்டர் பால் வாங்கறீங்க?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். எங்கள் முக்குக் கடையில் 15 லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு, பதினைந்து டீ வரும். ஆக ஏறத்தாழ 200. இப்போது 2.3 லட்சத்தை 200ஆல் வகுத்தால் ஆயிரத்துச் சொச்சம் கடைகள். சுற்றுலாக்காரர்கள் குடிப்பதைச் சேர்க்கவில்லை. பெரிய பேக்கரிகள் நாளைக்கு ஆயிரம் டீ போடுவதையும் சேர்க்கவில்லை. ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும்.

ஒரு பெரிய எண்ணை உங்களால் தொட்டுப் பார்க்க முடிகிற சின்ன எண்களாக உடைப்பதுதான் ஆரம்பம். பால் கேன் தொட முடிகிற பொருள்.

அந்த மூணுல ஒருத்தர்ங்கறது எங்கேருந்து வந்துச்சு? அது மட்டும் ஊகம்தானே?

ஊகம்தான். அதற்கு இரண்டு பக்கமும் வேலி போட வேண்டும். எல்லோரும் தினம் கடையில் குடிப்பார்களா? குழந்தைகள், வீட்டோடு இருக்கும் பாட்டிகள் எல்லாம் உண்டே, முடியாது. இருபதில் ஒருவர்தானா? காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் அதுவும் முடியாது. வேலி 1க்கும் 20க்கும் நடுவில். நடுவில் எங்கே என்பது அடுத்த கேள்வி.

கீழே நூறு, மேலே பத்தாயிரம்னா நடுவுல அஞ்சாயிரம்தானே?

இந்தத் தப்பைச் செய்யாதவரை நான் பார்த்ததில்லை. ஐந்தாயிரம் என்பது நூறைப்போல் 50 மடங்கு, பத்தாயிரத்தில் பாதி. அது நடுவில் இல்லை, மேல் வேலியில் சாய்ந்து நிற்கிறது. மடங்கில் நடு என்றால் ஆயிரம்: கீழிருந்து பத்து மடங்கு, மேலே போக இன்னொரு பத்து மடங்கு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் சைபர்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள்: நூறுக்கு இரண்டு, பத்தாயிரத்துக்கு நாலு, நடு மூன்று சைபர்.

முந்தைய கேள்வியில் 1க்கும் 20க்கும் நடு, இந்த முறையில், நாலரை. நான் மூன்று போட்டேன், டீ குடிக்கும் ஊர் என்பதால். நாலரை போட்டிருந்தால் எழுநூற்றுச் சொச்சம் கடை வந்திருக்கும். படி மாறவில்லை.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறாங்களே. அப்ப ஒரு வரிசையைப் பார்த்துத் தோட்டத்தையே சொல்லிடலாமா?

பழமொழியில் தப்பில்லை. ஆனால் பானையைக் கிளறுகிறோம், தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொதிக்கிறது. மலைச் சரிவை யாரும் கிளறுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஐந்து ஏக்கர் தோட்டம் ஒன்றுக்கு இலை மதிப்புச் சொல்லப் போனேன். ரோட்டோரம் நாலு வரிசை பார்த்தேன், கொழுந்து தளதளவென்று நின்றது. "1,200 கிலோ, ரெண்டு வண்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். தராசில் நின்றது 560. இரண்டாவது பிக்கப் காலியாக இறங்கியது, டீசல் காசு என் சம்பளத்தில் கழிந்தது. அப்புறம் நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. உர மூட்டை ரோட்டில்தான் இறங்கும். போடுகிற ஆள் முதல் நாலு வரிசைக்குக் கை நிறைய வீசுவார். மேலே ஏற ஏற மூட்டையும் கனக்கும், வீச்சும் சுருங்கும். சில்வர் ஓக் நிழல் மேல்பக்கம் அடர்த்தி. அடிவாரத்தில் ஈரம் தேங்கிச் செடி சோர்ந்திருந்தது. நான் பார்த்த சோறு, பானையின் மேலே மிதந்த நெய்ச் சோறு.

அதிலிருந்து ஒரு வழக்கம். மேல், நடு, கீழ் என்று மூன்று இடம். அந்த இடத்தையும் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, கால் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஐம்பது அடி எடுத்து வைத்து, நின்ற இடத்தில் பத்துச் செடி. நல்ல செடியோ மொட்டைச் செடியோ, நின்ற இடம்தான். கண்ணுக்கு விட்டால் அது எப்போதும் அழகான செடியிடம்தான் போகும்.

நாலஞ்சு எண்ணும் ஊகம். எல்லாத்தையும் பெருக்கினா தப்பும் பெருகிடாதா?

எல்லாத் தப்பும் ஒரே பக்கம் விழுந்தால் பெருகும். ஐந்து எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கூடவோ பாதியாகவோ இருக்கலாம் என்று வையுங்கள். மோசமாகப் போனால் 32 மடங்கு தப்பு. ஆனால் ஐந்து காசைச் சுண்டினால் ஐந்தும் ஒரே பக்கம் விழுவது 16 தடவைக்கு ஒரு தடவைதான். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து ஈடுகட்டும். வழக்கமாக நாலு, ஐந்து மடங்குக்குள் அடங்கிவிடும்.

இது காசு நியாயமானதாக இருந்தால்தான். தோட்டம் விற்க வந்தவர் செடி எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவார், ஒரு செடிக்கான இலையைக் கொஞ்சம் கூட்டுவார், விலையையும் கொஞ்சம் கூட்டுவார். ஒவ்வொன்றும் 'கொஞ்சம்'தான். அங்கே எதுவும் ஈடுகட்டாது. நீங்கள் எந்த விடை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அந்தப் பக்கம் உங்கள் காசும் சாய்ந்துதான் இருக்கும்.

மழைத்தண்ணி எவ்ளோ பிடிக்கலாம்னு சுலபமா சொல்ல வழி உண்டா?

உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு லிட்டர். இது ஊகமே இல்லை, அளவுகளின் பொருத்தம் அப்படி. ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறத்தாழ 100 சதுர மீட்டர்; 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு "நிரம்பி வழியுது" என்று ஆச்சரியப்பட வேண்டாம்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதை ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 சதுர மீட்டர், 800 மில்லிமீட்டர்: 32 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 270 லோடு. ஒரே ஒரு ஏக்கரில். மண் ஏன் நகர்ந்தது என்று அப்புறம் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மலர்க் கண்காட்சிக்கு ஒரே நாள்ல லட்சம் பேர் வந்தாங்கன்னு சொல்றாங்க. நம்பலாமா?

முதலில் ஒன்றைப் பிரியுங்கள்: ஒரு நேரத்தில் உள்ளே நிற்பவர்கள் வேறு, நாள் முழுக்க வந்து போனவர்கள் வேறு. அண்டாவில் உள்ள தண்ணீரும் குழாயில் வரும் தண்ணீரும் போல. கூட்டக் கணக்கில் பாதிச் சண்டை இதைக் குழப்புவதால்தான்.

ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர், அதாவது இரண்டு லட்சத்துச் சொச்சம் சதுர மீட்டர். பாத்தி, மரம், சரிவு போக மனிதர் நிற்கும் இடம் ஐம்பதாயிரம் என்று வைப்போம். பூவைப் பார்த்துக்கொண்டு நகரும் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு சதுர மீட்டர் வேண்டும். ஆக ஒரு நேரத்தில் 25,000 பேர். ஒருவர் மூன்று மணி நேரம் இருப்பார், பூங்கா ஒன்பது மணி நேரம் திறந்திருக்கும், மூன்று சுற்று: 75,000. நெருக்கியடித்தால் லட்சம் ஆகலாம்.

இப்போது இன்னொரு வழியில் வருவோம். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வைத்த ஈ-பாஸ் வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. வண்டிக்கு ஐந்து பேர் என்றால் 40,000. அரசுப் பஸ்கள் இந்த வரம்பில் இல்லை. அதற்கு ஓர் இருபது முப்பதாயிரம் சேருங்கள். அறுபது எழுபதாயிரம் பேர், அதிலும் எல்லோரும் பூங்காவுக்கே போக மாட்டார்கள். ஆகவே ஒரே நாளில் லட்சம் என்றால் என் புருவம் உயரும். கண்காட்சி நடக்கும் எல்லா நாளும் சேர்த்து லட்சங்கள் என்றால் பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

சும்மா ஒரு கணக்கு: 8,000 வண்டியை இடைவெளி இல்லாமல் நிறுத்தினால், வண்டிக்கு ஆறு மீட்டர், 48 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி வரை ஏறக்குறைய அவ்வளவுதான் ரோடு. மே மாதம் பர்லியார் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது கணக்காகவே தோன்றாது.

சரியான விடையே தெரியாதப்போ நம்ம விடை சரியான்னு எப்படித் தெரியும்?

பூங்காவுக்குச் செய்ததுதான்: வேறு வழியில் வந்து அதே இடத்தில் நிற்கிறோமா என்று பாருங்கள். டீக்கடைக்கும் செய்தேன். கோத்தகிரி கடைவீதியைச் சுற்றி நடந்து எண்ணினேன், டீ கிடைக்கும் கடை 40. ஊரின் மக்கள் தொகை 28,000 சுமார், மாவட்டம் அதைப்போல் 26 மடங்கு. 40ஐ 26ஆல் பெருக்கினால் 1,040. பால் கேன் வழியாக வந்ததும் ஆயிரத்துச் சொச்சம்தான்.

சந்தோஷப்பட்டேன். ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "அங்கிள், ரெண்டு கணக்கிலயும் மக்கள் தொகை வருதே?" சரியான அடி. அந்த எண் தப்பாக இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு தப்பும். முழுக்கத் தனி வழி வேண்டும் என்றால் மாவட்டத்துக்குள் வரும் பாலிலிருந்தோ, கடை உரிமத்திலிருந்தோ வர வேண்டும். அதை அவளிடமே விட்டிருக்கிறேன்.

பழகுவதற்கு, விடை தெரிந்தவற்றை முதலில் ஊகித்துவிட்டு அப்புறம் பாருங்கள். மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர், எத்தனை வளைவு? எங்கள் கூட்டத்தில் 40 முதல் 2,000 வரை சொன்னார்கள். உண்மையில் 208, அதாவது 220 மீட்டருக்கு ஒன்று. அதில் போனவர்கள் எல்லோருமே குறைத்துத்தான் சொன்னார்கள். ஜன்னலில் கண் இருக்கும்போது வளைவு உறைப்பதில்லை போல.

இதைக் கண்டுபிடிச்சது யாரோ விஞ்ஞானின்னு சொன்னாங்களே?

கண்டுபிடித்தவர் என்று ஒருவர் இல்லை. நெல் அறுப்பதற்கு முன்பே வரப்பில் நின்று கண்டுமுதல் இவ்வளவு என்று சொன்ன பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஆனால் இதற்குப் பேர் போனவர் இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. 1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது, சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தார். அதிர்வலை வந்து சேரும் நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தன. அதை வைத்து, பத்தாயிரம் டன் டிஎன்டி வெடித்த சக்தி என்றார். பிறகு அதிகாரபூர்வமாகச் சொன்ன அளவு 21,000 டன். இரண்டு மடங்கு தப்பு, ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன எல்லைக்கோட்டின்படி அதே படி. கையில் இருந்தது காகிதம் மட்டும்.

காட்டுக்குள்ள யானையை எப்படி எண்றாங்க? லத்தியை வச்சுன்னு சொல்றது நிஜமா?

நிஜம். நேரில் பார்த்து எண்ணுவதும் உண்டு, லத்திக் கணக்கும் உண்டு. ஒரு யானை நாளைக்கு ஏறத்தாழ 16 தடவை லத்தி போடும். ஒரு குவியல் மக்கி மறைய நூறு நாள் என்று வைத்தால், ஒரு யானைக்கு எந்த நேரத்திலும் காட்டில் 1,600 குவியல் கிடக்கும். குறிப்பிட்ட கோட்டில் நடந்து, குவியல்களை எண்ணி, ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்று கண்டுபிடித்தால், 1,600ஆல் வகுக்க வேண்டியதுதான். அண்டா, குழாய்க் கணக்கேதான்: கிடப்பது அண்டா, போடுவது குழாய், மக்குவது ஓட்டை.

தந்திரம் அந்த ஓட்டையில் இருக்கிறது. நல்ல மழையில் குவியல் ஐம்பது நாளிலேயே கரைந்துபோனால், யானை ஒன்றுகூடக் குறையாமல் கணக்கில் பாதி யானை காணாமல் போகும். அதனால் மக்கும் காலத்தை அதே காட்டில், அதே பருவத்தில் அளப்பார்கள். இன்னொன்று: நடக்கும் கோடு யானைத் தடத்திலேயே போனால் என் ரோட்டோர வரிசைக் கதைதான்.

எப்போ குத்துமதிப்பு போதும், எப்போ போதாது?

விடை மூன்று மடங்கு தப்பினாலும் நீங்கள் செய்யப்போவது மாறாது என்றால் அதற்கு மேல் கணக்குப் போடுவது நேர விரயம். ஹோம்ஸ்டேக்குத் தண்ணீர்த் தொட்டி ஆயிரம் லிட்டரா பத்தாயிரமா என்பதற்குக் குத்துமதிப்பு போதும். மருந்தின் அளவுக்குப் போதாது. சரிவில் வீடு கட்ட மண் தாங்குமா என்பதற்குப் போதவே போதாது.

தராசு இருக்கும் இடத்திலும் கூடாது. மழை நாளில் இலை நனைந்திருக்கும் என்று எடையில் ஒரு பங்கு கழிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதைக் கண் மதிப்பில் கழித்தார்கள், நூற்றுக்கு இருபதுகூடப் போயிருக்கிறது. ஒரு நாள் பத்துக் கிலோ நனைந்த இலையை எடுத்து, நன்றாக உதறி, சாக்கில் பரப்பித் தண்ணீர் போனதும் திரும்ப நிறுத்தேன். 8 கிலோ 800 கிராம். கொஞ்சமாக நனைந்த நாளில் 9 கிலோ 500. பத்து நிமிட வேலை. இருபது என்று சொன்னவருக்கு அது குத்துமதிப்பு. இலை கொண்டுவந்தவருக்கு அது அரைநாள் கூலி. அந்தத் தாளை முதலாளி மேஜையில் வைத்தேன். அடுத்த மாதம் நான் அங்கே இல்லை.

நாம சொன்னது தப்பிட்டா எல்லாரும் சிரிக்க மாட்டாங்களா?

ஒற்றை எண்ணாகச் சொன்னால் சிரிப்பார்கள். "எண்ணூறு, அறுநூறுக்குக் குறையாது, ஆயிரத்தைத் தாண்டாது" என்று வேலியோடு சொல்லுங்கள். அதையும் உண்மை தெரிவதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வையுங்கள். தெரிந்த பிறகு "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று மனசு மாற்றிக்கொள்ளும். என் நோட்டில் மூன்று கட்டம்: கீழ் வேலி, மேல் வேலி, நிஜம். பத்தில் எட்டு தடவை நிஜம் வேலிக்குள் விழுந்தால் நல்லது. பத்துக்குப் பத்தும் விழுந்தால் வேலியை ரொம்ப அகலமாகப் போடுகிறேன் என்று அர்த்தம்.

சில வரிகளில் மூன்றாவது கட்டம் நிரம்பக் காலமாகும். எங்கள் வீட்டு எதிர்ச் சரிவில் எத்தனை குறிஞ்சிப் புதர் என்று 2018இல் பூத்தபோது மூன்று இடத்தில் கட்டம் கட்டி எண்ணி, 2,000க்கும் 9,000க்கும் நடுவில் என்று எழுதினேன். முழுக்க எண்ணுவதற்குள் பூ கொட்டிவிட்டது; பூ இல்லாதபோது புதரோடு புதர், பிரித்தறிய என் கண்ணுக்குத் தெம்பில்லை. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம். 2030இல் எங்கள் பையன்கள் ட்ரோன் விட்டு எண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.